தாங்கி நான்கும் ஒரு வெற்றுக் கட்டமும்

எங்கள் தமிழ்த் திருப்பலிக் குழுவின் செய்திமடலில், ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலையைப் பற்றி எழுதி வருகிறார்கள். பஸ் ஓட்டியவர் எழுதிவிட்டார். தாதியாக இருந்தவரும் எழுதிவிட்டார். என் முறை வந்தபோது இரண்டு மாதம் தட்டிக் கழித்தேன். நான் வேலை செய்தது வைன் செய்யும் இடத்தில். அதைச் சொன்னாலே நம்மவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "அண்ணைக்கு என்ன குறை, குழாயைத் திறந்தால் சரி" என்று கலியாண வீடுகளில் இருபத்தைந்து வருடமாகக் கேட்டிருக்கிறேன். நான் குடிப்பதில்லை. வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவேன், அளவை எழுதுவேன், அவ்வளவுதான்.

சென்ற மாதம் மகள் காரில் ஹென்டர்சன் வழியாகக் கூட்டிப்போனாள். நான் வேலை செய்த திராட்சைத் தோட்டம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நின்றன. அதில் ஒரு தெருவுக்கு ஒரு திராட்சை இனத்தின் பெயரை வைத்திருந்தார்கள். அந்த இனத்தை நாங்கள் ஒருநாளும் நட்டதில்லை. வீட்டுக்கு வந்து டயறிகளை எடுத்தேன். என்னிடம் வருடத்துக்கு ஒன்றாக இருபத்தைந்து இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் உள்ள அளவுகள் எல்லாம் அவற்றிலிருந்து எடுத்தவை. நினைவிலிருந்து எழுதியதை அப்படியென்றே சொல்வேன்.

அந்த வைன் சாலையை நடத்தியவர்கள் ஒரு கிறிஸ்தவக் கூட்டுவாழ்வுச் சமூகத்தார். துறவிகள் அல்லர். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பங்களாகவே இருந்தார்கள். ஆனால் நிலம் பொது, பணப்பெட்டி பொது, சாப்பாட்டு மேசையும் பொது. நான் சேர்ந்தபோது பிள்ளைகளோடு நாற்பத்தொரு பேர். மலையடிவாரத்தில், ஐரோப்பாவின் டால்மேஷியாவிலிருந்து வந்த குடும்பங்கள் ஏற்கெனவே திராட்சை போட்டிருந்த அயலில், மூன்று ஹெக்டேர் வைத்திருந்தார்கள். முதலில் கோவில்களின் இராப்போசனத்துக்கு இனிப்புச் சிவப்பு வைன் மட்டும் செய்தார்கள். பிறகு சமூகத்தில் சேர்ந்து வைன் வேலையை ஏற்ற வால்டர் என்பவர் வெள்ளை வைனுக்கு மாற்றினார். எங்கள் சனம் அதைச் 'சபைத் தோட்டம்' என்று சொல்லும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மன்னாரில் உப்பளம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தேன். உப்புநீரைக் குழாயால் எடுத்து, மருந்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, எண்ணை எழுத வேண்டும். இங்கே உப்புநீருக்குப் பதில் வைன். மற்றபடி கை செய்வது அதே வேலைதான். இந்த நாட்டுக்கு வந்ததும் மனுரேவாவில் ஒரு களஞ்சிய வேலையில் எட்டு மாதம் பெட்டி தூக்கிய பிறகு, விளம்பரம் ஒன்றைப் பார்த்து விண்ணப்பித்தேன். வால்டர் நேர்முகத்தில் கேட்டது ஒரே கேள்வி. ஒரு மாதிரியை இரண்டு முறை அளந்து இரண்டு எண் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். மூன்றாம் முறை அளப்பேன், மூன்றையும் எழுதுவேன் என்றேன். அருளப்பு, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

வால்டரைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நெடிய மனிதர். காலையில் வேலை தொடங்குமுன் சாலைக் கதவடியில் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். செபிக்கிறாரா, மணம் பிடிக்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. வைனை மணக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொள்வார். ஒன்று சரியாக வந்தால் "இருக்கலாம்" என்பார். அதைவிடப் பெரிய பாராட்டை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தன் கண்ணாடிக் குவளையைத் தானே மூன்று தரம் அலசுவார். ரப்பர் குழாயைச் சுருட்டினால் கடைசி முனையை வட்டத்துக்குள் உள்ளே கொடுத்து வைப்பார். அவர் சுருட்டியது எது, மற்றவர் சுருட்டியது எது என்று எட்டத்திலிருந்தே சொல்லலாம்.

சமூகத்தின் விதிகளில் இரண்டு எங்கள் வேலையைத் தொட்டன. முதலாவது, எந்த வேலையிலும் யார் பெயரும் இருக்கக்கூடாது. வைன் தொட்டிகளுக்கான தாங்கிப் புத்தகத்தில் திகதி, தாங்கி எண், செய்த வேலை, அளவு என்று நான்கு கட்டங்கள் மட்டும் உண்டு. செய்தவர் யார் என்பதற்குக் கட்டம் கிடையாது. வேலை எல்லாருடையது என்பார்கள். உப்பளத்தில் ஒரு போத்தலைக் கழுவினாலும் கையெழுத்து வைத்துப் பழகிய எனக்கு இது முதலில் சட்டையில்லாமல் நிற்பது போல இருந்தது. அதனால்தான் என் சொந்த டயறியில் எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினேன்.

இரண்டாவது மறைபணி. தவக்காலம் நாற்பது நாளும் ஒவ்வொருவரும் இன்னொருவருடைய வேலையை அவருக்குத் தெரியாமல் செய்து வைக்க வேண்டும். செய்ததை உயிர்த்த ஞாயிறு வரை யாரிடமும் சொல்லக்கூடாது. கேட்டாலும் சொல்லக்கூடாது. பூமியின் தென்பாதியில் உள்ள இந்த நாட்டில் தவக்காலமும் திராட்சை அறுவடையும் ஒன்றாகத்தான் வரும். ஆகவே வருடத்தின் மிகக் கடினமான வாரங்களில், எல்லாரும் எல்லாருடைய வேலையையும் ஒளித்துச் செய்துகொண்டிருப்பார்கள்.

தோட்டத்தில் என்னோடு சம்பளத்துக்கு வேலை செய்த மற்றத் தமிழன் முருகேசன். தேனிப் பக்கம் கம்பத்துக்காரன். திராட்சைக்கொடி நடுவே பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் வருடத்துக்கு இரண்டு தரத்துக்கு மேல் பழம் பறிப்போம், இங்கே ஒரு தரத்துக்கே இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பான். முதல் தவக்காலத்தில் பயந்துபோய் என்னிடம் வந்தான்.

"அண்ணே, யாரோ நம்ம கத்திரியத் தீட்டி வச்சுட்டுப் போறாங்க. ரெண்டு நாளா பாக்கறேன். யாருன்னு கேட்டா எல்லாரும் வானத்தப் பாக்கறாங்க."

"அது அவையின்ர தவக்கால வழக்கம், தம்பி. கேக்கக் கூடாது."

"அப்ப என் துணியையும் துவைச்சுப் போடச் சொல்லுங்கண்ணே. நான் வானத்தப் பாத்துக்கறேன்."

என் சாப்பாட்டுப் பெட்டி கழுவப்பட்டிருக்கும். மழைச் சப்பாத்தில் சேறு போயிருக்கும். நானும் பதிலுக்குப் பாத்திரம் கழுவும் அறையை ஒரு தரம் துடைத்து வைத்தேன். அழகான வழக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அது எனக்கு மூன்றாம் அறுவடை. என் வேலை விசா முடிய ஏழு வாரம் இருந்தது. புதுப்பிப்பதற்குச் சமூகத்தின் கடிதம் வேண்டும். ஆய்வுகூட வேலைக்கான விசா என்பதால், கடிதத்தில் என் திறமையைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. கடிதங்களை ஹில்டா என்ற பெண்மணி தட்டச்சு செய்வார். சமூகக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. உண்மையில்லாத ஒரு சொல்லையும் எழுதமாட்டார். 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிப்பதற்குக்கூட ஆளைப் பொறுத்து யோசிப்பார் என்று முருகேசன் சொல்வான்.

அதே வாரம் என் மனைவி மெற்றில்டா மகப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

தாங்கி நான்கில் ஐயாயிரம் லீட்டர் ஷார்டனே என்ற வெள்ளை வைன் இருந்தது. நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்று முதல் முறையாக எங்களிடம் வாங்கச் சம்மதித்திருந்தது. உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை வந்து சுவை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அது சரிவந்தால் சபைத் தோட்டம் கோவில் வைன் செய்யும் இடம் என்ற நிலையிலிருந்து மேலே வந்துவிடும். நொதித்து முடிந்த வைன் கெடாமலிருக்கக் கந்தகத் தூளைக் கரைத்து விட வேண்டும். குறைந்தால் வைன் பழுப்பாகும். கூடினால் நெருப்புக்குச்சி உரசிய மணம் மூக்கில் ஏறும். போட்டபின் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே முறை இதுதான்: காலையில் தாங்கியிலிருந்து மாதிரி எடுத்து, இருக்கும் கந்தகத்தை அளந்து, தேவையைக் கணக்கிட்டு, தூளை நிறுத்து, கரைத்து, விட்டு, கலக்கி, பின்னேரம் மறுபடி அளக்க வேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் நான் ஒரு மாற்றம் செய்தேன். மறுநாள் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதற்காக, வியாழன் காலை எடுக்க வேண்டிய அளவைப் புதன் மாலையே எடுத்துவிட்டேன். லீட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் வந்தது. சுவரிலிருந்த கரும்பலகையில், நாளைய வேலை என்ற தலைப்பின் கீழ், 'தாங்கி 4 – 350 கிராம்' என்று எழுதிவிட்டுப் போனேன். அன்றிரவு மகள் பிறந்தாள்.

வியாழன் காலை ஏழரைக்கு வந்து, அளக்காமல், முந்நூற்றைம்பது கிராம் நிறுத்துக் கரைத்து விட்டேன். பின்னேரம் மூன்று மணிக்கு அளந்தேன். முப்பத்திரண்டு வரவேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்து. மறுபடி அளந்தேன், ஐம்பத்துநான்கு. மூன்றாம் முறையும் ஐம்பத்துநான்கு. மாதிரியை மூக்குக்குக் கொண்டுபோனேன். கண்ணில் நீர் வந்தது.

வால்டரைக் கூப்பிட்டேன். மூன்று எண்களையும் பார்த்தார். பிறகு கரும்பலகையைப் பார்த்தார். அதில் கண் வைத்தபடி வெகுநேரம் நின்றார். நான் எவ்வளவு போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு அப்போதே விசித்திரமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாளும் என் தலைக்குள் தராசுதான். நித்திரையில்லாத கண்ணோடு இரண்டு தரம் நிறுத்துவிட்டேனா? முதற் கரைசலை விட்டுவிட்டு, மறந்துபோய் மறுபடி கரைத்தேனா? என் மேலேயே எனக்கு நம்பிக்கை போயிற்று.

சனிக்கிழமை மதியம் வேலையாட்களும் சமூகத்தாரோடு ஒரே மேசையில் சாப்பிடுவது வழக்கம். சாப்பாடு முடிய, அந்த வாரத்துப் பிழைகளை அவரவர் எழுந்து சொல்வார்கள். யாரோ ரொட்டியைக் கருக்கிவிட்டதாகச் சொன்னார். பிறகு வால்டர் எழுந்தார். தாங்கி நான்கில் நடந்த பிழைக்குப் பொறுப்பு தன்னுடையது என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மேசை முழுவதும் என்னைப் பார்த்தது. கோபமாக இல்லை, மிகுந்த அன்போடு. தன் கீழ் வேலை செய்பவனின் பிழையை வால்டர் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த முதியவர் என் தோளைத் தட்டி, பிள்ளை சுகமா என்று கேட்டார். என்னை மன்னித்துவிட்டார்கள். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹில்டா அலுவலகத்துக்கு அழைத்து, கடிதத்தின் நகலைக் காட்டினார். 'நேர்மையானவர், உழைப்பாளி, சக வேலையாட்களோடு இணக்கமானவர்.' முன்பு வாசித்துக் காட்டிய நகலில் 'மிகத் துல்லியமானவர்' என்றும் இருந்தது. இப்போது அது இல்லை. அந்தச் சொல்லை இந்த வாரம் தன்னால் எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று அவரே சொன்னார். சொல்லும்போது அவருக்குத்தான் அழுகை வந்தது.

அந்தச் சொல் இல்லாத கடிதத்தோடு ஆய்வுகூட விசா கிடைக்குமா என்பது சந்தேகம். கிடைத்தாலும் என்ன? உப்பளத்திலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தச் சொல்தான்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஞாயிறு காலை மெற்றில்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, எத்தினை தரம் நிறுத்தனீங்கள்?"

"ஒருக்கா எண்டுதான் நினைக்கிறன். இப்ப தெரியேல்லை."

"நினைக்கிறதை விடுங்கோ. உப்பு வாங்கினாலும் எழுதி வைக்கிற மனுசன். உங்களை நம்பாட்டிப் போகட்டும், அந்த டயறியை எடுத்துப் பாருங்கோ."

எடுத்தேன். தூள் எடுக்கும்போதெல்லாம் வாளியை முன்னும் பின்னும் நிறுத்து எழுதுவது உப்பளத்துப் பழக்கம். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், தாங்கி இரண்டுக்கு எடுத்த பிறகு வாளியின் நிறை: 18.20 கிலோ. பக்கத்தைப் புரட்டினால் வியாழன் காலை, எடுக்குமுன்: 17.85. எடுத்தபின்: 17.50. வியாழன் நான் எடுத்தது சரியாக முந்நூற்றைம்பது. ஆனால் அதற்கு முன்பே, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில், வாளியிலிருந்து இன்னொரு முந்நூற்றைம்பது போயிருந்தது. இரண்டு எண்ணும் எதிரெதிர்ப் பக்கத்தில் இல்லாமல் முன்பின் பக்கங்களில் இருந்ததால் அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

கரும்பலகையைப் பார்த்து, அந்தத் தராசில் சரியாக அந்த அளவை நிறுத்து, கரைத்து, குடத்தைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் வைக்கத் தெரிந்தவர்கள் சாலையில் இரண்டு பேர்தான். ஒருவன் நான்.

திங்கள் காலை டயறியோடு ஆய்வுகூடத்தில் வால்டரிடம் போனேன். மூன்று எண்களையும் பென்சிலால் சுட்டிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். அவர் கேட்டதை நான் அன்றே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் இவ்வளவுதான்:

"வியாழன் காலை நீங்கள் அளக்கவில்லையா?"

"இல்லை. முதல்நாள் மாலை அளந்ததை வைத்துப் போட்டேன்."

"ஒவ்வொரு நாளும் காலையில் அளப்பீர்களே."

"அன்றைக்கு மட்டும் அளக்கவில்லை."

டயறியை மூடி என்னிடம் தந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "அளவு உங்களுக்குச் சொல்லிவிடும் என்று நினைத்தேன்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறவனின் வேலையைக் குறைக்க, விடியுமுன் எழுந்துவந்து என் வேலையைச் செய்திருக்கிறார். மறைபணியில் அடையாளம் விடக்கூடாது, ஆகவே பலகையில் கோடு கிழிக்கவில்லை. புத்தகத்திலும் எழுதவில்லை. எப்போதும்போல நான் காலையில் அளப்பேன், எண் முப்பதைத் தாண்டி நிற்கும், யாரோ செய்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்பது அவர் கணக்கு. கழுவிய தரையைப் பார்த்தால் கழுவியது தெரியும். வைனுக்குள் போன கந்தகத்தை அளந்தால்தான் தெரியும். மூன்று வருடத்தில் நான் ஒழுங்கு தவறிய ஒரே காலையில் அவர் என் ஒழுங்கை நம்பியிருந்தார்.

சனிக்கிழமை பொறுப்பு தன்னுடையது என்றபோது அவர் பொய் சொல்லவில்லை. விதி அனுமதித்த அளவுக்கு உண்மை சொன்னார். அந்த உண்மையின் நிழல் என் மேல் விழுந்ததை அவர் அப்போது காணவில்லை. ஹில்டாவின் கடிதத்தில் ஒரு சொல் போனதை நான் சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. நான் காத்திருக்கத் தயார் என்று சொன்னேன். அவர் குவளையை மூன்று தரம் அலசி வைத்துவிட்டு வெளியே போனார்.

அன்று மதியம் எல்லாரும் உட்காருமுன் தன் கதிரைக்குப் பின்னால் நின்றபடி பேசினார். தாங்கி நான்கில் முதல் தூளைப் போட்டது தான் என்றும், அருளப்பு தன் பங்கை மட்டும் சரியாக நிறுத்துப் போட்டான் என்றும் சொன்னார். அந்தச் சமூகத்தில் ஒரு மறைபணியை அதன் நாளுக்கு முன் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம் என்று பிறகு அறிந்தேன். ஹில்டாதான் பேசினார். ஞாயிறு வரை வாய் திறப்பதில்லை என்று எல்லாரும் வாக்குக் கொடுத்தோமே, வால்டர் என்றார்.

"என் வேலை இன்னொருவர் பெயரில் நிற்கிறது, ஹில்டா. அது மறைபணி இல்லை."

அவர் குரல் உயரவில்லை. பிறகு உட்கார்ந்து சூப்பைக் குடித்தார்.

நானும் எழுந்தேன். காலையில் அளக்காமல் போட்டது என் பிழை, அளந்திருந்தால் இது நடந்திராது என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த மேசையில் அதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை.

பின்னேரம் ஹில்டா புதிய கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். 'மிகத் துல்லியமானவர்' திரும்ப வந்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு சொல் புதிதாகச் சேர்ந்திருந்தது: 'வழக்கமாக.' விசா கிடைத்தது. எங்கள் வீட்டில் இன்றுவரை நான் சாவியைத் தேடினால் மெற்றில்டா, "அப்பா வழக்கமா மிகத் துல்லியமானவர்" என்று மகளுக்குச் சொல்வாள். மகள் அதற்கு ஆங்கிலத்தில்தான் சிரிப்பாள்.

வைனை மீட்க வழி இருந்தது. தாங்கி ஆறில் இளங்கொடிகளின் வைன் இரண்டாயிரத்து ஐந்நூறு லீட்டர் கந்தகம் போடாமல் நின்றது. இரண்டையும் கலந்து, காற்றுப் படும்படி ஒரு தாங்கியிலிருந்து இன்னொன்றுக்கு விட்டோம். உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை, அளந்தபோது முப்பத்துநான்கு. ஹோட்டல்காரர் செவ்வாய்க்கிழமை சுவைத்து, மெல்லியதாக இருக்கிறது, ஆனால் சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். வால்டர் "இருக்கலாம்" என்றார். நல்ல வைனாக இருந்திருக்க வேண்டியது பரவாயில்லாத வைனாக வந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுத்த தவக்காலத்துக்கு முன் கூட்டம் இரண்டு முடிவுகள் எடுத்தது. மறைபணி சாலைக்குள் வராது. தாங்கிப் புத்தகத்தில் ஐந்தாவது கட்டம் ஒன்று சேரும்: செய்தவரின் முதலெழுத்து. கட்டத்தை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டவன் நான்.

பிறகு வந்தவை நல்ல வருடங்கள். ஹோட்டலைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். பதக்கங்கள் வந்தன. சனிக்கிழமைகளில் சாலை வாசலில் கார்கள் நிறைந்தன. பத்திரிகைக்காரர் வால்டரைப் படம் எடுக்க வந்தபோது, நாற்பது பேரையும் நிறுத்தி எடுத்தால் சரி என்றார். அப்படியே எடுத்தார்கள், ஒரு முகமும் தெரியவில்லை. வெளிநாட்டில் வாங்குபவர்கள் போத்தலில் ஒரு மனிதரின் பெயர் வேண்டும் என்றார்கள். ஒருவர் மறுத்தாலும் முடிவில்லை என்பது கூட்டத்தின் முறை. மூன்று சனிக்கிழமை பேசாமல் இருந்து, நான்காவது சனிக்கிழமை யாரும் மறுக்கவில்லை. போத்தலில் வால்டரின் பெயர் ஏறியது. அவர் அந்தப் போத்தல்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்.

பெயர் வந்ததும்தான் எல்லாம் தேயத் தொடங்கியது என்று ஹில்டா ஒருமுறை சொன்னார். என் ஐந்தாவது கட்டத்தையும் சேர்த்துத்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. என் டயறிகளைப் பார்த்தால் காரணங்கள் வேறு. பிள்ளைகள் வளர்ந்து, சொந்த வங்கிக் கணக்கும் சொந்த மேசையும் வேண்டும் என்று ஒஸ்திரேலியாவுக்குப் போனார்கள். வீடுகள் மலையடிவாரம்வரை ஏறி வந்தன. குருவி விரட்டும் வெடிச்சத்தத்துக்கும் மருந்து தெளிப்பதற்கும் அயலவர் முறையிட்டார்கள். கொடிகளுக்கு இலைச்சுருட்டு நோய் வந்தது. தெற்கிலிருந்து மலிவான வைன் வந்தது. முருகேசன் குடும்பத்தை வரவழைத்து, பிளாக்ஹவுஸ் பேயில், டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடை ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது, "துப்புறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே, விட்டுறாதீங்க" என்றான். மேசையில் கதிரைகள் ஒவ்வொன்றாகச் சுவரோரம் போயின. கடைசி மூன்று வருடம் வால்டருக்கு மணம் தெரியவில்லை. அவர் அதைச் சொல்லவில்லை. குவளையை மூக்கருகே பிடித்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, நான் எண்ணைச் சொல்லும்வரை காத்திருப்பார். எண்ணைக் கேட்டபின் "இருக்கலாம்" என்பார். நானும் மணத்தைச் சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

மூடுவதென்ற முடிவும் கூட்டத்தில்தான் எடுக்கப்பட்டது. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மறுக்கவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. கந்தகத்தால் வந்த இருமல் இருந்ததால், இனி வேறு வைன் சாலைக்குப் போகவேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே அவர்களோடு நானும் ஓய்வு பெற்றேன்.

கடைசி வேலை தாங்கிகளைக் கழுவுவது. வாங்கியவர்கள் அடுத்த நாள் வந்து ஏற்றிப்போவதாக இருந்தது. ஜூன் மாதம், தவக்காலம் முடிந்து வெகுநாள். முதல்நாள் பின்னேரம் கரும்பலகையில் எழுதினேன்: 'தாங்கி 1 முதல் 6 வரை – சோடா, பிறகு தண்ணீர். குழாய்கள். வடிகால்.' சோடா என்பது தாங்கி கழுவும் காரம். எனக்கு ஒரு முழுநாள் வேலை.

காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தபோது தரை ஈரமாக இருந்தது. ஆறு தாங்கிகளின் அடிக்கதவுகளும் திறந்து, உலர்வதற்காகச் சாய்த்து விடப்பட்டிருந்தன. வடிகாலில் ஒரு இலை இல்லை. பலகையில் எதற்கும் கோடு கிழிக்கப்படவில்லை. குழாய்கள் சுருட்டப்பட்டு, கடைசி முனை வட்டத்துக்குள் கொடுக்கப்பட்டிருந்தது.

சாப்பாட்டு அறையில் வால்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது. காற்சட்டையின் அடி இரண்டும் முழங்கால்வரை நனைந்திருந்தன. காலை வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்றார். நானும் வானத்தைப் பார்த்தேன்.

திரும்பிப்போய், இந்த முறை அளந்தேன். ஒவ்வொரு தாங்கியின் அடியிலும் தேங்கிய துளியில் சோதனைத் தாளைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று முதல் ஐந்துவரை தாள் நிறம் மாறவில்லை. ஆறாவதில் நீலமானது. சோடா முழுதாகப் போகவில்லை. குழாயை அவிழ்த்து அந்தத் தாங்கியை மட்டும் இரண்டு தரம் அலசினேன். தாள் மாறாமல் நின்றதும் அடிக்கதவை அதே சாய்வில் விட்டேன். குழாயைச் சுருட்டி, கடைசி முனையை வட்டத்துக்குள் கொடுத்தேன்.

பிறகு தாங்கிப் புத்தகத்தைத் திறந்து கடைசி வரியை எழுதினேன். திகதி, தாங்கிகள் ஒன்று முதல் ஆறு, கழுவப்பட்டன, சோதித்ததில் சுத்தம். ஐந்தாவது கட்டத்தில் பேனாவை வைத்து எடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் வெறுமையாக விட்ட ஒரே கட்டம் அதுதான். புத்தகத்தை மூடி, பலகையைத் துடைத்துவிட்டு, தேநீருக்குப் போனேன்.